ஒரு தடவை போய்ப் பாருங்கள், உங்கள் மகளின் ஆட்டத்தை!



கோயில் சுற்றுலா, கொடைக்கானல் பயணம் என்று சகோதரிகள் பலர் எழுதியதைப் படித்து ரசித்திருக்கிறேன். நானும் ஒரு பயணம் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் நாங்கள் கோயிலுக்கும் போகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. கல்லூரிப் பெண்கள் ஆடும் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்க, எங்கள் தெருவிலிருந்து ஆறு பெண்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் வந்தோம்! "இதுக்கு ஒரு பயணமா?" என்று கேட்பீர்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் கேட்டார்கள். முழுதும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் யாரும் பார்க்காத ஆட்டம்

என் அண்ணன் மகள் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்தே கூடைப்பந்து ஆடுகிறாள். இப்போது கல்லூரி அணியிலும் இருக்கிறாள். வீட்டு அலமாரியில் நாலைந்து கோப்பைகள் உண்டு. மதினி அவற்றை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து வைப்பார். ஆனால் அந்தக் கோப்பைகள் எப்படி வந்தன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் ஆடியதை அவள் அம்மாவும் பார்த்ததில்லை, அப்பாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் பாசம் இல்லாமை அல்ல. எங்கள் பக்கத்துப் பிழைப்பு அப்படி. அண்ணனுக்கு அச்சகத்தில் வேலை. மதினி பட்டாசு ஆலைக்குப் போகிறார். காலையில் சோறு பொங்கி வைத்துவிட்டு ஆலை வண்டி ஏறினால் சாயங்காலம்தான் வீடு. ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. இதில் பந்தாட்டம் பார்க்க எங்கே போவது? பையன் கிரிக்கெட் ஆடினால் தெருவிலேயே ஆடுகிறான். திண்ணையில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். பெண் பிள்ளை ஆடுவது கல்லூரிச் சுவருக்கு உள்ளே அல்லவா?

இப்படி இருக்கும்போதுதான் ராஜபாளையம் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம்தான். ஆனால் தரகர் வந்து, "பொண்ணு டவுசர் போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போய் விளையாடுதாமே? மாப்பிள்ளை வீட்டுல கேக்காக" என்று இழுத்தார். அண்ணன் முகம் மாறிவிட்டது. "இந்த வருஷத்தோட நிறுத்திக்க" என்று மகளிடம் சொல்லிவிட்டார். அவள் பதில் பேசவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. "எதை நிறுத்தச் சொல்றோம்னு ஒரு தடவை பார்த்துட்டாவது சொல்லுவோமே மதினி" என்றேன். மதினி கொஞ்ச நேரம் யோசித்தார். "தீவாளி முடிஞ்சு ஆலை திறக்க நாள் ஆகும். அப்பப் போவோம் தாயி" என்றார்.

ஆறு பேர் கிளம்பினோம்

தீபாவளி முடிந்ததும் எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். பெண்களுக்கு ஓய்வு என்று ஒன்று கிடைப்பது அப்போதுதான். மதுரையில் ஒரு கல்லூரி மைதானத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி சனிக்கிழமை நடக்கிறது என்று தெரிந்தது. மதினியும் நானும் மட்டும் போவதாகத்தான் பேச்சு. எதிர்வீட்டு அக்கா "நானும் வாரேன்" என்றார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அறுபத்தைந்து வயதுப் பெரியம்மாவும் "மீனாட்சியைப் பார்த்தாப்லயும் இருக்கும்" என்று கிளம்பிவிட்டார்!

புளியோதரை, தயிர்சாதம், அவித்த முட்டை எல்லாம் எடுத்துக்கொண்டோம். விடியக்காலை ஊரில் பஸ் ஏறி சாத்தூர், அங்கிருந்து விருதுநகர், திருமங்கலம் வழியாக மதுரை. சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சும் சேவும் வாங்காமல் பஸ் ஏறினால் அது பயணமே இல்லையே! மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆக, சாத்தூர்-மதுரை பஸ்சுக்குத்தான் காசு. எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300 ரூபாய்கூட ஆகவில்லை.

கல்லூரி வாசலில் காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு, "அட்மிஷனா? ஃபீஸ் கட்டணுமா?" என்று கேட்டார். "மேட்ச் பார்க்க வந்திருக்கோம்" என்றோம். எங்களையும், கையிலிருந்த டிபன் கேரியரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வழி காட்டினார்.

இவ்வளவு தெரிந்தால் போதும்

ஆட்டம் புரியாமல் எப்படிப் பார்ப்பது என்று பயந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டாள். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் 5 பேர் ஆடுவார்கள். மற்றவர்கள் வெளியே பெஞ்சில். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். மைதானம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் 10 அடி உயரத்தில் வளையம். நம் வீட்டு நிலைப்படியைவிட மூன்றடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான பந்து ஆண்கள் பந்தைவிடச் சற்றுச் சிறியது, எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

கிட்டே இருந்து போட்டால் 2 புள்ளி. தூரத்தில் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் 3. எதிரணி தப்பு செய்து, இவர்களுக்குத் தனியாக எறிய வாய்ப்பு கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 1. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டேதான் ஓட வேண்டும், கையில் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது. பந்து கைக்கு வந்ததும் 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்துவிட வேண்டும். பத்துப் பத்து நிமிஷமாக நாலு பகுதி. மொத்தம் 40 நிமிஷம். ஆனால் பந்து வெளியே போனாலும், நடுவர் விசில் அடித்தாலும் கடிகாரத்தை நிறுத்திவிடுவதால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது.

இன்னொரு விதி. எதிராளியை இடித்தால், தள்ளினால், கையில் அடித்தால் 'ஃபவுல்'. ஒருத்தி 5 ஃபவுல் செய்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவள் மறுபடி இறங்க முடியாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

"இது எம்புள்ளதானா?"

காலை ஆட்டம் திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றுடன். பிள்ளைகள் வரிசையாக ஓடி வந்தார்கள். எங்கள் பெண் ஐந்தடி ஒரு அங்குலம்தான். மற்றவர்கள் தோளுக்குத்தான் வருகிறாள். "இவ்வளவு நெட்டையாளுக மத்தியில இது என்ன செய்யப் போகுது?" என்று பெரியம்மா கவலைப்பட்டார்.

விசில் ஊதியதும்தான் தெரிந்தது. பந்தை எடுத்து வருவது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது எல்லாம் அவள்தான்! ஒரு கையால் பந்தைத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையை உயர்த்தி விரலைக் காட்டுகிறாள். உடனே நாலு பேரும் இடம் மாறுகிறார்கள். "லெஃப்ட்டு! லெஃப்ட்டு! பின்னால பாரு!" என்று மைதானமே கேட்கக் கத்துகிறாள்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது எம்புள்ளதானா தாயி? வீட்டுல கூப்பிட்டா 'ம்'முன்னு சொல்றதுகூடக் காதுல விழாதே!" என்றார்.

சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். பத்தொன்பது வருஷம் வளர்த்த பெண்ணை மதினி அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தார். நமக்குத் தெரிந்த பெண் தண்ணீர் எடுப்பாள், தம்பிக்குத் தலைவாருவாள், விருந்தாளி வந்தால் உள்ளே போய்விடுவாள். அதே பெண் நாலு பேரை நடத்துகிறாள், அரை விநாடியில் முடிவு எடுக்கிறாள், விழுந்தால் எழுந்து ஓடுகிறாள். இதை மார்க் ஷீட்டில் பார்க்க முடியுமா, கோப்பையில் பார்க்க முடியுமா? நேரில் பார்த்தால்தான் உண்டு.

காலை ஆட்டம் 41-36 என்று எங்கள் பக்கம் ஜெயித்தது. சாயங்காலம் அரையிறுதி.

நாலு நிமிஷம்

மத்தியானம் மரத்தடியில் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்தோம். எங்கள் புளியோதரையை யாரும் தொடவில்லை. "வயிறு நிறையச் சாப்பிட்டா ஓட முடியாது ஆன்ட்டி, மேட்ச் முடிஞ்சு குடுங்க" என்றார்கள். வாழைப்பழமும், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறும்தான் உள்ளே போனது. பாதிப் பேர் சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். அதில் ஒருத்தி, "எங்க வீட்டுல இருந்து இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. நீங்க எல்லாருக்கும் சேர்த்துக் கை தட்டணும்" என்றாள். பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அரையிறுதி மதுரைக் கல்லூரி அணியோடு. அவர்கள் ஊர் என்பதால் அவர்களுக்குக் கூட்டம் அதிகம். எங்களுக்கோ ஆறே பேர். எதிர்வீட்டு அக்கா டிபன் கேரியர் தட்டை எடுத்து, கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார் பாருங்கள்! மற்றவர்களும் ஆளுக்கொரு தட்டு, மூடி எடுத்துக்கொண்டோம். மாரியம்மன் பொங்கல் கெட்டது போங்கள்!

கடைசிப் பகுதியில் நாலு நிமிஷம் பாக்கி. எங்கள் பக்கம் 2 புள்ளி முன்னால். எதிரணிப் பெண் ஒருத்தி வளையத்தை நோக்கிப் பாய, எங்கள் பெண் குறுக்கே போய் இடித்துவிட்டாள். விசில்! அது அவளுக்கு ஐந்தாவது ஃபவுல். நடுவர் வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார்.

"என்ன தப்பு பண்ணுனா? எதுக்கு வெளிய அனுப்புதாக?" என்று மதினி எழுந்துவிட்டார். விதியைச் சொல்லி உட்கார வைத்தோம். அவள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். தனக்குப் பதிலாக இறங்கிய முதலாமாண்டுப் பெண்ணுக்கு வெளியிலிருந்தே, "பயப்படாத, நேரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பந்து தவறியபோதும் கை தட்டினாள்.

47-44 என்று தோற்றுவிட்டோம். பிள்ளைகள் அழுதார்கள். அந்த முதலாமாண்டுப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். எங்கள் பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்று எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். மதினி சொன்னார்: "வீட்டுல ஒரு தட்டைக் கழுவச் சொன்னா முணுமுணுக்கும். இங்க தோத்துப் போய் நிக்கிது, ஆனா மத்தவளைத் தேத்துது."

வாளி தட்டிய கன்னியாஸ்திரீகள்

ஆட்டம் முடிந்ததும் அணியின் பி.டி. மேடம் எங்களிடம் வந்தார். தட்டு தட்டியதற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவரோ சிரித்துக்கொண்டு, "இம்மாகுலேட்டா கதை மாதிரியே இருந்துச்சு" என்றார். என்ன கதை என்று கேட்டோம். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இம்மாகுலேட்டா என்று ஒரு சின்ன கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. கன்னியாஸ்திரீகள் நடத்தியது. 1967-ல் அவர்களுடைய விளையாட்டுக் கூடம் தீயில் எரிந்துபோனது. சொந்தமாக மைதானம்கூட இல்லாத அந்த அணிக்கு 1970-ல் கேத்தி ரஷ் என்ற 22 வயதுப் பெண் பயிற்சியாளராக வந்தார். வருஷத்துக்கு 450 டாலர் சம்பளம். பிள்ளைகள் பாவாடை போன்ற பழைய சீருடையில்தான் ஆடினார்கள்.

1972-ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு முதல் தேசியப் போட்டி இலினாய் மாநிலத்தில் நடந்தது. 16 அணிகள். இவர்களுக்குப் போக வரப் பணம் இல்லை. பல்துலக்கும் பிரஷ் விற்றுப் பணம் சேர்த்தார்கள். அப்படியும் 8 பேரை மட்டுமே அனுப்ப முடிந்தது. போனவர்கள் கோப்பையோடு திரும்பினார்கள்! இறுதி ஆட்டத்தில் 52-48 என்று யாரை ஜெயித்தார்கள் தெரியுமா? கொஞ்ச நாளுக்கு முன்புதான் தங்களை 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்த வெஸ்ட் செஸ்டர் அணியை! 1973, 1974 என்று அடுத்த இரண்டு வருஷமும் அவர்களுக்கே கோப்பை.

அந்த அணி ஆடும் இடமெல்லாம் கன்னியாஸ்திரீகள் கூட்டமாக வந்து உட்காருவார்களாம். ஒரு கையில் ஜெபமாலை. இன்னொரு கையில்? இரும்பு வாளி! அதைக் கட்டையால் தட்டித் தட்டியே உற்சாகப்படுத்துவார்கள். ஒரு ஆட்டக்காரியின் தகப்பனார் இரும்புச் சாமான் கடைக்காரர், அவர் கொடுத்த வாளிகள்.

இதைக் கேட்டதும் எதிர்வீட்டு அக்கா, "அப்ப அடுத்த தடவை வாளியே கொண்டாந்துருவோம்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

பி.டி. மேடம் இன்னொன்றும் சொன்னார். "பொண்ணுங்க ஆட்டம்னா, சில இடத்துல பசங்க விசிலடிக்கிறதுக்குன்னே வருவாங்க. நாலு அம்மாமார் டிபன் கேரியரோட உட்கார்ந்திருந்தா விசில் தானா நின்னுடும். நீங்க வர்றது எங்களுக்குப் பாதுகாப்பு." எவ்வளவு உண்மை! நாம் போகாத இடம் என்பதால்தானே அது நமக்குப் பயமான இடமாகவே இருந்துவிடுகிறது?

கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார்கள்

'டவுசர்' பேச்சு இன்றைக்கு நேற்று வந்ததல்ல. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில். அடுத்த வருஷமே பக்கத்து ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவரே சின்ன வயதில் நோஞ்சானாக இருந்து, உடற்பயிற்சியால் தேறியவர். 1893 மார்ச்சில் அங்கே நடந்த ஆட்டத்துக்கு ஆண்களை உள்ளே விடவில்லை. பெண்கள் கால்சட்டை போட்டு ஓடுவதை ஆண்கள் பார்க்கக் கூடாதாம்! பெண்களுக்குக் களைப்பு வந்துவிடும் என்று மைதானத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும் என்றும் விதி வைத்தார்கள்.

அந்த இடத்திலிருந்து இன்றைக்கு எங்கே வந்திருக்கிறது பாருங்கள். 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து சேர்ந்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதே வருஷம் ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒன்றரைக் கோடியைத் தொடவில்லை!

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னைப் பெண் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர். 18 வருஷம் நாட்டுக்காக ஆடினார். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அதன் பிறகும் திரும்ப வந்து ஆடினார். தெற்கு ரயில்வேயில் வேலை. 2021-ல் பத்மஸ்ரீ விருது. கேரளத்துப் பெண் கீது அன்னா ஜோஸ் 2011-ல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வு வரைக்கும் போனார். இவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் "போய் வா" என்று சொல்லித்தானே அனுப்பியிருப்பார்கள்?

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விருதுநகரில் வி.வி.வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-லும், சிவகாசியில் எஸ்.எஃப்.ஆர். மகளிர் கல்லூரி 1968-லும் வந்தன. "பொம்பளைப் பிள்ளைக்குக் காலேஜா?" என்று அன்றைக்கும் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்றைக்கு அதை யாராவது கேட்கிறார்களா? விளையாட்டுக்கும் அந்தக் காலம் வரும்.

திரும்பும் வழியில்

ராத்திரி பஸ்சில் மதினி வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கள்ளிக்குடி தாண்டியதும் பேசினார். "நான் பதிமூணு வயசுல தீப்பெட்டிக் கட்டு அடுக்கப் போனேன். பக்கத்துல நூறு பொம்பளைக இருப்போம். ஆனா 'இப்படிச் செய்யி'ன்னு நான் ஒருத்தரைச் சொன்னதில்ல, மேஸ்திரி சொல்றதைக் கேட்டுத்தான் பழக்கம். இவ சொல்றா, நாலு பேரு கேக்குதாக. இதை எப்படி நிறுத்தச் சொல்றது?"

வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் சண்டை. மதினி ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக நின்றார். "படிப்பு முடியிற வரைக்கும் ஆடட்டும். வாற சம்பந்தத்துக்கிட்ட மறைக்க வேணாம், நாமளே சொல்லிருவோம். பிடிச்சா வரட்டும்" என்றார். ராஜபாளையத்திலிருந்து பிறகு பேச்சு இல்லை. அண்ணனுக்கு அதில் வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் "நிறுத்து" என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா செல்போனில் எடுத்து வந்த ஆட்டத்தை ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று மதினி சொன்னார்.

கிளம்பும் சகோதரிகளுக்கு

போக நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த சில யோசனைகள்:

போட்டி எங்கே, எப்போது என்று பிள்ளையிடம் மட்டும் கேட்காமல் பி.டி. ஆசிரியையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கூச்சத்தில், "நீங்க வர வேணாம்மா" என்பார்கள். வந்துவிட்டால் சந்தோஷப்படுவார்கள்.

தனியாகப் போகாதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள். தைரியமும் வரும், சத்தமும் வரும்! கழிப்பறை எங்கே என்று போனவுடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தேடி அலைந்தோம்.

ஆட்டத்துக்கு நடுவில் பிள்ளையின் பெயரைச் சொல்லி யோசனை சொல்லாதீர்கள். அதற்குப் பயிற்சியாளர் இருக்கிறார். எதிரணிப் பிள்ளைகளையும் திட்ட வேண்டாம். அதுவும் ஒரு வீட்டுப் பெண்தானே!

வீட்டுச் சாப்பாட்டில் கவனம் வையுங்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பது தெரிந்தது. ஓடி ஆடும் பெண்ணுக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை எல்லாம் வேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம், அது சத்தைத் தடுக்கும். முழங்கால் வலி என்று சொன்னால் தைலம் தேய்த்துவிட்டு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த ஆட்டத்தில் பெண்களுக்கு முழங்காலில் அடிபடும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம் என்கிறார்கள்.

"விளையாடி என்ன கிடைக்கும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் விளையாட்டுப் பிரிவில் ஆள் எடுக்கிறது. ஆகவே போட்டிச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரமாக, பத்திரப் பெட்டியிலேயே வையுங்கள். எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்காவிட்டாலும், நாலு பேருக்கு நடுவில் குரல் உயர்த்திப் பேசத் தெரிந்த பெண் எந்த வீட்டுக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வாள்.

மகளுக்காக நகை சேர்க்கிறோம், பாத்திரம் சேர்க்கிறோம். ஒருநாள் கூலியையும் ஒரு பஸ் டிக்கெட்டையும் அவளுடைய ஆட்டத்துக்காகச் செலவு செய்தால் குறைந்தா போய்விடுவோம்? அடுத்த போட்டி சிவகாசியிலாம். இந்தத் தடவை பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரியம்மா தட்டு கொண்டு வர மாட்டாராம். வாளி எடுத்து வைத்துவிட்டார்!

— ஒரு வாசகி,
தாயில்பட்டி.